இன்னொரு கை

கத்திப் பிரியர்கள் புதுக் கத்தி கைக்கு வந்த உடனே அதைத் திறந்துவிடுவதில்லை. மூடிய நிலையிலேயே உள்ளங்கையில் கிடத்தி எடை பார்ப்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பிடியின் இரண்டு சுவர்களுக்கும் சரி நடுவில் அலகு உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் திறப்பு. திறந்ததும் அலகைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பழைய பாணிக் கத்திகளை நேசிப்பவர்கள் இன்னும் நுணுக்கமானவர்கள். நடை, பேச்சு என்ற இரண்டே சொற்களில் ஒரு கத்தியை எடைபோட்டுவிடுவார்கள். அலகு எழும்போது முதுகுவில் கொடுக்கும் எதிர்ப்பு அதன் நடை. முழுக்க விரிந்து நிற்கும்போது எழும் 'டக்' என்ற ஓசை அதன் பேச்சு.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் இதெல்லாம் நடந்தது. நாங்கள் நான்கு பேர். நால்வருக்கும் மடக்குக் கத்தி என்றால் உயிர். கொலராடோவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் செக்-இன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த ஸ்பைடர்கோ டெலிகா மேசை மேல் இருந்தது. சாம்பல் நிறப் பிடி. எடை 70 கிராம் சொச்சம். அலகு 7 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். இந்த ரகம் 1990 முதல் விற்பனையில் இருக்கிறது என்றாலும் எங்கள் கைகளுக்கு அது முழுப் புதுசு.

முதலில் எடுத்த நண்பர் திறந்து பார்த்துவிட்டு, "என்னங்க, அலகுல கூன் விழுந்திருக்கு" என்றார். அடுத்தவருக்குத் துளைதான் உறுத்தியது. அலகின் முதுகுப் பக்கம், பிடியை ஒட்டி, விரல் நுனி பதியும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. நல்ல இரும்பில் இப்படி ஒரு ஓட்டை போட மனசு எப்படி வந்தது என்று கேட்டார். மூன்றாமவர் பிடியைத் தட்டிப் பார்த்தார். நைலான் பிடி. கொம்பும் பித்தளையும் பழகிய கைக்கு அது பொம்மைபோல இருந்தது. எனக்கும் அது அழகாகப் படவில்லை. இலை மாதிரி தொடங்கி, நடுவில் முதுகு தூக்கி, மறுபடியும் சரிந்து முனையில் முடிகிற அந்த உருவத்தில் ஏதோ முடிவு பெறாதது போன்ற ஒரு தோற்றம். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

எங்கள் தீர்ப்பு ஒன்றும் புதிதல்ல. ஸ்பைடர்கோ குடும்பத்தின் மூத்த கத்தி 1981இல் வெளிவந்தபோதும் பார்த்தவர்கள் பலர் இதையேதான் சொன்னார்கள். அதன் பெயர் வொர்க்கர், தொழிலாளி. கொலராடோவின் கோல்டன் என்ற சிறு நகரத்தில் இருந்த சால் கிளெஸ்ஸர், கெயில் கிளெஸ்ஸர் தம்பதியின் யோசனை அது. ஜப்பானில், பல நூற்றாண்டுகள் வாளுக்குப் பேர்போன செக்கி நகரத்தில் அதைச் செய்வித்தார்கள். அமெரிக்காவில் நல்ல மடக்குக் கத்தி என்றால் அன்றைக்கு எல்லார் மனக்கண்ணிலும் வந்து நின்றது பக் 110. 1964இல் வந்தது. மரப்பிடி, இரு நுனியிலும் பளபளக்கும் பித்தளை, கையில் எடுத்தால் 200 கிராம். தோலுறையில் போட்டு இடைவாரில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் கம்பீரமான கத்தி. அதன் பக்கத்தில் வொர்க்கரை வைத்துப் பாருங்கள். முழுக்க எஃகுப் பிடி, மரம் இல்லை, பித்தளை இல்லை. பிடியின் பக்கவாட்டில் பேனா மூடியில் இருப்பதுபோல ஒரு கிளிப். அலகில் கூன், கூனில் துளை. இதற்குமுன் கண் பழகியிருந்த எதோடும் அது சேரவில்லை.

கூன் ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அலகு மடங்கியிருக்கும்போதும் துளை பிடிக்கு வெளியே தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கட்டைவிரலுக்கு அது அகப்படாது. துளை வெளியே நிற்க வேண்டுமானால் அந்த இடத்தில் அலகு அகலமாக இருக்க வேண்டும். ஆகவே முதுகு அங்கே உயர்ந்தது. துளையை எடுத்துவிட்டால் கூனுக்கு வேலை இல்லை.

இனி துளை. கட்டைவிரலின் சதை அந்த வட்டத்தின் விளிம்பில் பதிகிறது. விரலை நிமிர்த்தினால் அலகு எழுகிறது. எழ எழ, விரல் அலகைத் தள்ளும் கோணம் மாறிக்கொண்டே போகிறது. வட்டத்துக்கு மூலை கிடையாது. எந்தக் கோணத்தில் விரல் வந்தாலும் பற்றிக்கொள்ள ஒரு விளிம்பு இருக்கும். அலகை ஊடுருவிச் செல்லும் துளை ஆனதால் வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் ஒன்றுபோலப் பயன்படும். வெட்டும்போது பொருளில் இடறுவதற்கு வெளியே துருத்திய குமிழ் எதுவும் இல்லை. தேய்வதற்கோ உடைவதற்கோ அதில் பாகமே இல்லை, வெறும் இன்மைதான் அங்கே வேலை செய்கிறது. சால் கிளெஸ்ஸர் அதற்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமைக் காலம் தீர்ந்த பின்னும் வட்டத் துளை ஸ்பைடர்கோ நிறுவனத்தின் வணிகச் சின்னமாக நீடிக்கிறது. அதனால்தான் மற்றவர்கள் நீள்வட்டமாகவும் நீண்ட பிளவாகவும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே கையால் திறப்பது 1981இல் பிறந்த ஆசை இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் பாராசூட் வீரர்களிடம், விசையை அழுத்திக் கீழே சாய்த்தால் தன் எடையாலேயே அலகு வெளியே வந்து விழும் கத்தி இருந்தது. பாராசூட் கயிற்றில் சிக்கிக்கொண்டவனுக்கு இரண்டாவது கை ஏது? பொத்தானை அமுக்கினால் துள்ளி விரியும் கத்திகளும் இருந்தன. அவை தெருச்சண்டையோடும் குற்றத்தோடும் சேர்ந்து பெயர் கெட்டுப்போய், 1958இல் அமெரிக்கா மாநிலம் விட்டு மாநிலம் அவற்றை விற்பதற்குத் தடைச் சட்டமே கொண்டுவந்தது. துளைக்கு விசையும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். கட்டைவிரல் நகர நகர அது திறக்கும்.

ஆனால் மிகப் பெரும்பாலான மடக்குக் கத்திகள், அவை உண்டான நாள் முதல், மனிதனின் இரண்டு கைகளும் காலியாக இருக்கின்றன என்று நம்பியே செய்யப்பட்டவை. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த எலும்புப்பிடி மடக்குக் கத்திக்கு ஏறத்தாழ 2,500 வயது. அங்கிருந்து நம் பேனாக்கத்தி வரைக்கும் ஒரு கை பிடிக்கும், இன்னொரு கை திறக்கும். பேனாக்கத்தியின் அலகில் நகம் செருகுவதற்கென்று பிறை மாதிரி ஒரு சிறு பள்ளம் இருக்குமே, அந்த நகக்குழிதான் இந்த நம்பிக்கையின் கையெழுத்து. நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஓலையில் எழுதும் ஆணியையும் ஓலையை நறுக்கும் கத்தியையும் ஒரே பிடிக்குள் மடக்கி வைத்த கருவி. அதை விரிப்பதற்கும் ஏட்டைக் கீழே வைத்தாக வேண்டும். உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு அது பாரமில்லை. இடது கையில் ஏட்டைப் பிடித்து, அந்தக் கட்டைவிரல் நகத்தில் சிறு வெட்டு வைத்து, எழுத்தாணியை அதில் நிறுத்தி எழுதியவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். எனக்கு அந்த நகவெட்டு மிகவும் பிடித்த விஷயம். கருவி செய்ய மறந்ததை உடம்பு தன்மேல் செய்துகொண்டிருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அப்பா பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 1977இல் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருடங்களுக்கு மேல் போஸ்டு ஏறியவர். கத்தி சேர்க்கும் என் பழக்கத்தில் அவருக்கு நாட்டம் கிடையாது, எதிர்ப்பும் கிடையாது. மேசையில் மூடிக் கிடந்த டெலிகாவைச் சும்மா எடுத்தார். எடை பார்க்கவில்லை, வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. அவர் கண் எங்கள் மேல்தான் இருந்தது. கட்டைவிரல் தானாகத் துளையைத் தேடிப் போனது. அலகு விரிந்து நின்றது. அப்போதுதான் குனிந்து கையைப் பார்த்தார். மூடினார். பேப்பரை இன்னும் இறுக்கிக்கொண்டு மறுபடி திறந்தார்.

"யாருடா செஞ்சது இதை? போஸ்டு ஏறுனவனா?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்றேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்த் தன் பழைய பேனாக்கத்தியை எடுத்துவந்தார். தேர்த் திருவிழாக் கடையில் வாங்கியது, மாட்டுக்கொம்புப் பிடி தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. இடது கையை அறையின் தூணைச் சுற்றி அணைத்துக்கொண்டு நின்றார். வலது கையால் கத்தியை வாய்க்குக் கொண்டுபோனார். நகக்குழியில் முன்பல்லைக் கொடுத்துக் கடித்து, கையைக் கீழே இழுத்தார். அலகு திறந்தது. வயரைச் சீவுவதுபோலக் காற்றில் இரண்டு தரம் சீவிக் காட்டினார்.

"மேல இருக்கும்போது ஒரு கை போஸ்டுக்குச் சொந்தம்டா. மிச்சம் ஒண்ணுதான் நமக்கு" என்றார்.

அப்பாவின் மேல்வரிசை முன்பல் ஒன்றில் ஓரம் சில்லு போயிருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். சின்ன வயதில் எங்கேயோ விழுந்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதை நெருங்கும்வரை அது எப்படிப் போனது என்று ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை.

அன்று நண்பர்கள் போன பிறகு வெகுநேரம் அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்கள் எட்டுக் கைகளும் ஓய்ந்திருந்தன. அந்த ஓய்விலிருந்து பார்த்ததால் கூன் கூனாகவும் ஓட்டை ஓட்டையாகவும் தெரிந்தன. எங்களைவிட அப்பாவுக்குக் கத்தியைப் பற்றி அதிகம் தெரியும் என்று சொல்ல மாட்டேன். எஃகு ரகங்களின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. அலகின் நடுநிலை, ஆட்டம், நடை, பேச்சு எதுவும் தெரியாது. அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. போஸ்டை அணைத்திருந்த அந்த இடது கையை அவர் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோனார். துளையைப் பார்த்தது அந்தக் கைதான்.

ஒரு பொருளோடு நமக்கு முதல் பழக்கம் ஏற்படுவது பெரும்பாலும் கடையிலோ மேசையிலோதான். அவசரமில்லாத நேரம், நல்ல வெளிச்சம், காலியான கைகள். அந்தப் பொருள் எந்தக் கணத்துக்காக உண்டாக்கப்பட்டதோ அந்தக் கணமே வேறு. படகின் விளிம்பில் ஒரு கையால் வலையைப் பிடித்திருப்பவன், ஏணியில் நின்று குழாயைத் தாங்கியிருப்பவன், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு மூட்டையின் கயிற்றை அறுக்க நினைக்கும் தாய், விபத்தில் ஒரு கை அடிபட்டு இருக்கை வாரில் சிக்கியிருப்பவன். இவர்கள் யாருக்கும் அந்த நேரத்தில் கத்தியின் அழகைப் பார்க்கக் கண் ஒழியாது. கருவி தன் முழு உருவத்தோடு இருக்கும் நேரத்தில் அதை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பார்க்கிற நேரத்தில் அது தன் பாதியை மறைத்துக்கொண்டு கிடக்கிறது. கிளிப்பும் அப்படித்தான். மேசையில் அது கத்தியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு தகடு. சில்லறையும் சாவியும் கிடக்கும் பையின் ஆழத்தில் ஒரு கையால் துழாவியவனுக்கு, கத்தி எப்போதும் பையின் விளிம்பிலேயே நிற்கும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்பா கேட்ட கேள்விக்கு விடை தேடி கிளெஸ்ஸரைப் பற்றிப் படித்தேன். அவர் போஸ்டு ஏறியவர் இல்லை. பழைய ரொட்டி வண்டி ஒன்றைக் குடியிருக்கும்படி மாற்றிக்கொண்டு, மனைவியும் அவருமாக ஊர் ஊராகச் சந்தைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் போய், தாங்கள் செய்த பொருள்களை விற்றவர்கள். கத்தி செய்வதற்கு முன், கத்தி தீட்டும் கருவி ஒன்றைச் செய்தார்கள். V வடிவில் சாய்ந்து நிற்கும் இரண்டு பீங்கான் கோல்கள். கத்தியை நேராகப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும், சரியான சாய்வைக் கோல்களே பார்த்துக்கொள்ளும். கை நடுங்குகிறவருக்கும் அது தீட்டிக் கொடுக்கும். அதற்கும் முன்னால் அவர்கள் செய்த முதல் பொருளைப் பற்றிப் படித்தபோது எழுந்து போய் அப்பாவிடம் சொல்லத் தோன்றியது. 1970களின் நடுவில் வந்தது. பல கோல்களும் மூட்டுகளும் கவ்விகளும் சேர்ந்த ஒரு சிறு சட்டகம். நகை செய்கிறவர்கள், மின்னணுப் பாகங்களைப் பற்றவைக்கிறவர்கள் போன்றோர் தங்கள் வேலைப்பொருளை அதில் மாட்டிவிட்டு இரண்டு கைகளாலும் வேலை செய்யலாம். பார்க்க எட்டுக்கால் பூச்சி மாதிரி இருந்ததால்தான் நிறுவனத்துக்கே ஸ்பைடர்கோ என்ற பெயர் வந்தது. அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் போர்ட்டபிள் ஹேண்ட். எடுத்துச் செல்லக்கூடிய ஒரு கை.

ஆக, அந்த மனிதர் தொடக்கத்திலிருந்தே ஒரே குறையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். வேலை செய்கிறவனுக்கு எப்போதும் ஒரு கை போதாமல் இருக்கிறது. முதலில் கூடுதலாக ஒரு கை செய்து கொடுத்துப் பார்த்தார். பிறகு, இருக்கிற ஒற்றைக் கையே போதும்படி ஒரு கத்தி செய்தார். கூன் எங்கிருந்து வந்தது என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், அங்கிருந்து வந்தது என்பேன்.

இதை எழுதத் தூண்டியது கத்தி மட்டும் இல்லை. பேருந்தில் அப்பா மற்றவர்களைப்போல மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார். செங்குத்துக் கம்பியை இடது முழங்கையால் வளைத்து அணைத்துக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டபடி நிற்பார். கூட்டத்தில் அது இடத்தை அடைக்கும், யாராவது முணுமுணுப்பார்கள். பள்ளிக்கூட நாட்களில் எனக்கு அது கூச்சமாக இருக்கும்; இரண்டு வரிசை தள்ளிப் போய் நின்றுகொள்வேன். வீட்டில் கதவு திறக்கும்போது சாவியைப் பல்லில் கடித்துக்கொள்வார், அம்மா ஒவ்வொரு தடவையும் திட்டுவார். எங்களோடு நடக்கும்போது ஒரு பிள்ளையின் கையைத்தான் பிடிப்பார். மற்றவன் அழுதாலும் இன்னொரு கையைக் கொடுக்கமாட்டார். அதைப் பாசக் குறைவு என்று நானும் தம்பியும் பல வருடங்கள் பேசிக்கொண்டதுண்டு.

நாங்கள் பார்த்தது வீட்டில் இருந்த அப்பாவை. வேலை முடிந்து, கைகழுவி, ஓய்ந்து உட்கார்ந்திருந்தவரை. அவர் எந்த இடத்துக்கென்று வடிவம் கொண்டாரோ அந்த இடம் இருபது, இருபத்தைந்தடி உயரத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் எத்தனையோ போஸ்டுகளைக் கடந்திருக்கிறேன். மேலே யாராவது தொங்கிக்கொண்டிருந்தால் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவேன். மழை பெய்து லைன் அறுந்த இரவுகளில் அவர் எழுந்து போனதும், விடிகாலையில் திரும்பி வந்ததும் தெரியும். இடையில் இருந்த நேரம் எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான் முழங்கை அப்படி வளையப் பழகியது. ஒரு கையை எப்போதும் காலியாக வைத்திரு என்று உடம்பு கற்றுக்கொண்டது. பல்லின் ஓரம் போனது. ஓலை எழுதியவர் நகத்தில் வைத்துக்கொண்ட வெட்டும் இதுவும் எனக்கு ஒரே வரிசையில்தான் தெரிகின்றன. கூடவே வாழ்ந்தவரின் உருவத்தில் பாதியை, எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் பூமியின் மறுபக்கத்தில் இருந்துகொண்டு யோசித்திருக்கிறார். நான் யோசிக்கவில்லை.

நண்பர்களுக்கு இதைச் சொன்னேன். கூன் என்று சொன்னவர் அடுத்த மாதமே ஒரு டெலிகா வரவழைத்துக்கொண்டார். அழகாக இருக்கிறதா என்று கேட்டேன். கை பழகிவிட்டது, கண் இன்னும் வரவில்லை என்றார். எனக்கு இப்போது அது அழகாகவே தெரிகிறது. கை சொன்னதைக் கண் கேட்டுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் இழுப்பறையில் இருக்கும் கத்திகளில் பெரும்பாலானவை ஒரு கயிற்றைக்கூட அறுத்ததில்லை. சாய்ந்து உட்கார்ந்து திறந்து மூடி, திறந்து மூடி, அந்த ஓசைக்காகவே வைத்திருக்கிறேன். அதில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் இழுப்பறையில் வைக்க மனம் வரவில்லை. அப்பாவிடமே கொடுத்துவிட்டேன். வேட்டி மடிப்பில் கிளிப்பைச் செருகிக்கொள்கிறார். கொல்லையில் வாழைநார் கிழிக்க, முருங்கைக் கிளையை இழுத்துப் பிடித்துக்கொண்டு காய் நறுக்க, பால் பாக்கெட் வெட்ட எல்லாவற்றுக்கும் அதுதான்.

கொடுத்த அன்று சாயங்காலம், படித்ததையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன். ரொட்டி வண்டியைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். கூடுதல் கைக் கருவியைப் பற்றி இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். துளை வைத்த முதல் கத்தி எந்த வருடம் வந்தது என்றார்.

"1981ப்பா."

"எண்பத்தொண்ணா?"

ஆமாம் என்றேன். கத்தியைத் திறந்து, மூடி, மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் எதிரே இருந்த போஸ்டைப் பார்த்தபடி இருந்தார். வாய்க்குள் நாக்கு அந்தப் பல்லின் ஓரத்தைத் தேடிப் போய்த் தடவிக்கொண்டிருப்பது வெளியே தெரிந்தது.